எண்பதுக்கு மேல்

கள்ளக்குறிச்சிக்கு நான் போனது வண்டிகளின் வேகத்தைக் குறைக்க. கேட்பதற்குப் பெரிய காரியம்போலத் தெரியும். வாடகை வேன், லாரி, பள்ளிப் பேருந்து இவற்றிலெல்லாம் ஸ்பீடு கவர்னர் என்று ஒரு கருவி இருக்கவேண்டும் என்பது சட்டம். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. ஸ்டியரிங்குக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, ஓட்டுநர் எவ்வளவு மிதித்தாலும் முள்ளை எண்பதுக்கு மேல் போகவிடாது. பெட்டியைப் பொருத்தி, ஒயரை இணைத்து, யாரும் அவிழ்க்காதபடி மெல்லிய கம்பி கோத்து ஈய முத்திரை அழுத்தி, சான்றிதழில் கையெழுத்துப் போடுவது என் வேலை. கோவில்பட்டியில் ஒரு சிறிய நிறுவனத்துக்காகப் பதினோரு வருடமாக இதைச் செய்கிறேன்.

அந்தப் பக்கம் வழக்கமாகப் போகிறவருக்கு அம்மை போட்டிருந்தது. ஆறு நாளைக்கு என்னைப் போகச் சொன்னார்கள்.

காலையில் போய் இறங்கினேன். பேருந்து நிலையத்துக்கு எதிரில் இட்லி சாப்பிட்டேன். சாம்பாரில் எங்கள் ஊரைவிடப் பருப்பு அதிகம், புளி குறைவு. மாவட்டத் தலைநகரமான பிறகு ஊர் வேகமாக மாறிவிட்டது என்று கல்லாவில் இருந்தவர் சொன்னார். கையில் கோப்புடன் கலெக்டர் ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் போகிறவர்கள் ஷேர் ஆட்டோவில் அடைந்துகொண்டு போனார்கள். நானும் ஒன்றில் ஏறினேன். ஒரு பாதம் உள்ளே, ஒரு பாதம் வெளியே.

"கொஞ்சம் மெதுவா போங்க" என்றார் பக்கத்தில் இருந்த அம்மாள்.

"ஆட்டோவுல இன்னாம்மா ஸ்பீடு? இது ஓடுறதே பெரிசு" என்று சொல்லிக்கொண்டே அவர் இரண்டு பேருந்துகளுக்கு நடுவில் வண்டியை நுழைத்தார். அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. எனக்கு இது பழக்கம்.

சேலம் சாலையில் ஒரு மெக்கானிக் கொட்டகையில்தான் எனக்கு வேலை. வேன்களும் லாரிகளும் வரிசையில் நின்றன. எல்லாம் தகுதிச் சான்று புதுப்பிக்கப் போகிற வண்டிகள். "நம்ம கால கட்டிப் போட சாரு வந்துகிறாரு. ஒரு டீ சொல்லுங்கப்பா" என்று மெக்கானிக் அறிமுகப்படுத்தினார். ஓட்டுநர்கள் சிரித்தார்கள்.

பெட்டியைப் பொருத்தியதும் ஓட்டுநருடன் நானும் வண்டியில் போய்ச் சோதித்துப் பார்க்கவேண்டும். அப்போது ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம்: எந்த வேகத்தில் ஓட்டுவீர்கள்? கள்ளக்குறிச்சியிலும் அதே பதில்தான் கிடைத்தது.

"நான் கரெக்டா போவேன் சார். எதிர்ல வர்றவன்தான் கண்ணு மண்ணு தெரியாம வரான்."

பதினோரு வருடத்தில் எத்தனையோ ஓட்டுநர்களின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அந்த எதிரில் வருகிறவனை மட்டும் நான் சந்தித்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். சான்று கைக்கு வந்த பிறகு பலரும் ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள். எனக்குத் தெரியும், என் முதலாளிக்குத் தெரியும். சிலர் என் கண்முன்னாலேயே மெக்கானிக்கிடம் சாடையாகக் கேட்பார்கள். நான் டீ குடிக்கப் போய்விடுவேன். முத்திரை அழுத்துவதோடு என் வேலை முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிவைத்திருந்தேன்.

இரண்டாம் நாள் வந்த வண்டிகளில் ஒன்று அண்ணாமலையின் வேன். கல்வராயன் மலையில் கரியாலூர்க்காரர். நாற்பது வயது இருக்கும். காலையில் மலை ஜனங்களைக் கீழே கொண்டுவருவார், சாயங்காலம் திரும்ப ஏற்றிப் போவார், விடுமுறை நாட்களில் அருவி பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப் போவார். மற்றவர்கள் ஒதுங்கி நின்று போனில் பேசிக்கொண்டிருக்க, அவர் மட்டும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நான் செய்வதைப் பார்த்தார். எந்த ஒயர் எங்கே போகிறது, பெட்டிக்கு வேகம் எப்படித் தெரியும் என்றெல்லாம் கேட்டார். யாராவது கேட்டால் எனக்கும் சொல்லப் பிடிக்கும். முழுக்கச் சொன்னேன்.

"நீங்க எந்த வேகத்துல ஓட்டுவீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "மலையில முப்பது. கீழ எறங்கிட்டா ஜாஸ்திதான் சார்."

என் கேள்விக்கு உண்மையான பதில் அன்றுதான் வந்தது. அவரை எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான். கரியாலூரில் இரண்டு ஜீப்புகளுக்கும் பெட்டி வேண்டும், மேலே வரமுடியுமா என்று கேட்டார். நாளை மறுநாள் வருகிறேன் என்றேன்.

மூன்றாம் நாள் மூங்கில்துறைப்பட்டுக்குப் போனேன். கரும்பு ஏற்றுகிற லாரிகள் அங்கே காத்திருந்தன. நான் ஏறிய தனியார் பேருந்து, கரும்பு டிராக்டர்களின் பின்னால் மாட்டிக்கொண்டது. ஒன்றன்பின் ஒன்றாக ஆறு டிராக்டர்கள், சாலையை அடைத்துக்கொண்டு, கட்டுக்கு வெளியே கரும்புத் தோகைகள் நீட்டிக்கொண்டு. ஓட்டுநர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. வழி கிடைத்ததும் விட்ட நேரத்தைப் பிடிக்கத் தொடங்கினார். மேலே தட்டில் இருந்த ஒரு தூக்குவாளி உருண்டு வந்து என் தோளில் விழுந்தது. நல்லவேளை, மோர்தான்.

இறங்கும்போது ஓட்டுநரிடம், "எதுக்குங்க இவ்வளவு வேகம்?" என்றேன்.

"எனக்குப் பின்னாடி ஒரு வண்டி நாலு நிமிஷத்துல வருது சார். நான் லேட்டா போனா டைம்கீப்பர் வாட்ச்ச காட்டுவான், ஓனரு திட்டுவாரு, நீங்களும்தான் திட்டுவீங்க" என்றார். அவர் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. அவருக்கு இந்த வேகத்தில் ஆசை ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

சர்க்கரை ஆலைப் பக்கம் காற்றே புளித்த வெல்லமாக வாசம் அடித்தது. டீக்கடையில் ஓர் ஆந்திர லாரி ஓட்டுநர் மனைவியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். கோவில்பட்டிப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய உண்டு; அவர்களோடு பழகிய பழக்கத்தில் எனக்குப் புரிந்தது. "மெதுவாகத்தான் ஓட்டுகிறேன். அறுபதைத் தாண்டவே இல்லை. பிள்ளைமேல் சத்தியமாகச் சொல்லட்டுமா?" என்றார். அவருடன் வந்த இன்னொரு ஓட்டுநர் பன்னைத் தின்றுகொண்டே, வேண்டாம் என்பதுபோலக் கையை ஆட்டினார்.

நான்காம் நாள் மத்தியானம் அண்ணாமலையின் வேனில் மலை ஏறினேன். அரிசி மூட்டை, கோழித் தீவனம், மாத்திரை வாங்கிப் போகிறவர்கள், ஜாமீன் விஷயமாகக் கோர்ட்டுக்கு வந்து திரும்புகிற ஒருவர் என்று வண்டி நிறைந்திருந்தது. எங்கள் கரிசல் காட்டில் சாலை சும்மா கிடக்கும்; எதிரில் வருகிற வண்டி முதலில் ஒரு புள்ளியாகத் தெரிந்து, வந்து சேர ரொம்ப நேரமாகும். இங்கே ஒவ்வொரு வளைவுக்குப் பின்னாலும் என்ன இருக்கிறது என்று தெரியாது. அண்ணாமலை ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தார். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழிவிட்டது. இரண்டு ஓட்டுநர்களும் தலையசைத்துக்கொண்டார்கள். ஒரு பெண் வாந்தி எடுக்கவேண்டும் என்றதும் இடம் பார்த்து நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, அவர் முகம் கழுவி வரும்வரை காத்திருந்தார். இருபத்தைந்து, முப்பது. முள் அதற்குமேல் ஏறவில்லை. நான் ஏறிய எந்த வண்டியிலும் அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருந்ததில்லை.

கரியாலூரில் குளிர்ந்த காற்று. மரவள்ளிக் காடுகள், நடுநடுவே கடுக்காய் மரங்கள். அந்த இரண்டு ஜீப்புகளும் மலைக்கு மேலேயே ஓடுகிறவை. நாற்பதைத் தொட்டிருக்குமா என்பதே சந்தேகம். ஆனாலும் காகிதம் வேண்டுமே. இரண்டிலும் எண்பதுக்குப் பெட்டி வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணாமலையின் வீட்டில் சாப்பிட்டோம். அவர் மனைவி செல்வி சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வைத்தார். சாமை எங்கள் ஊரில் சர்க்கரை நோய்க்காரர்கள் கடையில் பொட்டலமாக வாங்குவது. இங்கே தட்டில் ஆவி பறக்க வந்தது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பெரிய பெண் கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கப் போகிறாள் என்று செல்வி சொன்னார்.

சாப்பிட்டபின் அண்ணாமலையிடம் கேட்டேன். "மலையில இவ்வளவு நிதானமா ஓட்டுதீங்க. கீழ போனா மட்டும் ஏன்?"

"இங்க தப்பு பண்ணா பள்ளம் கண்ணுக்குத் தெரியுது. கச்சிராயபாளையம் தாண்டினா ரோடு நேரா கெடக்குது. அதுவரிக்கும் புடிச்சி வச்சிக்கினு வந்த காலு, தானா அழுத்துது சார்."

பிறகு அவரே சொன்னார். போன மழைக்காலத்தில் பக்கத்துக் குக்கிராமத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. ஆம்புலன்ஸ் வருவதற்குள் இவர் வேனிலேயே கொண்டுபோனார். மலையில் ஊர்ந்து இறங்கி, சமவெளியில் தொண்ணூறில் பறந்து ஆஸ்பத்திரி சேர்த்தார். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். "அன்னிக்கி உங்க பொட்டி இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும் சொல்லுங்க."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி பதினாறு கிலோமீட்டர் இருக்கும். எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் ஒன்றரை நிமிடம்கூட வித்தியாசம் வராது. இதை அவரிடம் சொல்லவில்லை. செல்வி பெருமையோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் கணக்குச் சொல்ல மனம் வரவில்லை.

ஐந்தாம் நாள் கீழே இறங்கி மிச்ச வேலையை முடித்தேன். ஆறாம் நாள் காலையும் இரண்டு லாரிகள் வந்தன. ஒரு மணி சுமாருக்கு விருத்தாசலத்தில் எனக்கு ரயில். பேருந்து நிலையத்துக்கு வந்தால், நான் போகவேண்டிய பேருந்து வழியில் பஞ்சராகி நிற்பதாகச் சொன்னார்கள். அடுத்ததில் போனால் ரயில் கிடைக்காது.

அங்கே அண்ணாமலை வேனைக் கழுவித் துடைத்துக்கொண்டு நின்றார். சாயங்காலம்வரை அவருக்குச் சவாரி இல்லை.

"இன்னா சார், மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

சொன்னேன்.

"ஏறுங்க. நான் வுட்டுட்டு வரேன். எங்க வூட்டுல சாப்ட்டவரு, பஸ்ஸுக்கு நிக்கிறதா?"

ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். கையில் இருந்தது ஐம்பது நிமிடம். முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்ததும், "கிடைச்சிருமா?" என்று கேட்டேன். இப்போதும் அந்தக் கேள்வி என் காதில் இருக்கிறது. அது கேள்வியே இல்லை.

"கெடைக்க வச்சிடலாம்" என்றார்.

ஊரைத் தாண்டியதும் சாலை காலியாக இருந்தது. எழுபது. எழுபத்தைந்து. எண்பதில் வண்டி லேசாகத் தயங்கவேண்டும். பெட்டி பிடிக்கும்போது அப்படித்தான் இருக்கும், அந்தத் தயக்கம் என் உடம்புக்கே பழக்கம். அது வரவில்லை. எண்பத்தைந்து. தொண்ணூறு. முள் இன்னும் ஏறியது.

ஒயரைப் பிடுங்கியிருக்கிறார் என்பது அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. அவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார். என்ன சொல்வேனோ என்று பார்த்தமாதிரி இருந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு சாலையைப் பார்த்தேன். பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் அப்படியே போனோம். வாயைத் திறக்கவில்லை. வேகத்தைக் குறைப்பதற்காகவே சம்பளம் வாங்குகிற நான், இந்த வேகத்தில் போனால் ரயிலுக்கு ஐந்து நிமிடம் மிச்சமிருக்கும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இடப்பக்கம் வயலிலிருந்து ஒரு மண்பாதை சாலையில் ஏறுகிற இடம். ஒருவர் மொபெட்டில் பின்னால் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு அதன் முனையில் நின்றிருந்தார். நின்றுதான் இருந்தார். எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். வண்டி தூரத்தில் வருகிறது, கடந்துவிடலாம் என்று நினைத்திருக்கவேண்டும். மெதுவாகச் சாலையில் ஏறினார்.

அண்ணாமலை பிரேக்கை அழுத்தினார். வண்டி நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. பிறகு அந்தச் சத்தம். கண்ணாடி முழுக்கப் பச்சைப் புல்.

இறங்கி ஓடினோம். அவர் சாலையோரத்தில் கிடந்தார். ஐம்பது வயதுக்காரர். நினைவு இருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பிக் கிடந்தது. அண்ணாமலை தன் துண்டை எடுத்துத் தொடையில் இறுக்கிக் கட்டினார். ஒரு கையால் அவர் தலையைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கையால் நூற்றியெட்டுக்குப் போன் செய்தார். "ஒண்ணும் ஆவாது பெரியப்பா, ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். செருப்பைத் தேடி எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தேன். அவ்வளவுதான்.

வயலில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். ஏழுமலை, ஏழுமலை என்று கூப்பிட்டார்கள். ஒருவர் அண்ணாமலையின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "அடிச்சிட்டு ஓடாம நிக்கிறான்ல, வுடுடா" என்று இன்னொருவர் விலக்கிவிட்டார். ஆம்புலன்ஸ் வந்து ஏழுமலையைக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்கு ஏற்றிப் போனது. உறவுக்காரர்கள் அதன் பின்னால் போனார்கள். போலீசுக்குச் சொல்லியிருந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் எதிரில் புளியமரத்தடியில் நின்றார்கள்.

அண்ணாமலை வேனின் கதவைத் திறந்து உள்ளே குனிந்தார். என்னைக் கூப்பிட்டார். ஸ்டியரிங்குக்குக் கீழே, என் பெட்டியிலிருந்து வந்த ஒயர் வெட்டப்பட்டு, முனையில் டேப் சுற்றி மேலே செருகியிருந்தது. முத்திரை இல்லை.

"எப்ப கழட்டினீங்க?"

"நீங்க போட்ட மறுநாளு."

அப்படியென்றால் நாங்கள் மலை ஏறிய அன்றும் அது கழன்றுதான் இருந்திருக்கிறது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "சார், உங்க பையில சீல் இருக்குதில்ல. ஒயர மாட்டி சீல் போட்டு வுட்டுடுங்க. ரெண்டு நிமிஷ வேல. பொட்டி இருந்துச்சி, எண்பதுக்கு மேல போவல, அந்தாளுதான் பாக்காம ஏறிட்டாருன்னு ஆயிடும். என் லைசென்சு பொழைச்சிக்கும். ரெண்டு பொண்ணு சார்."

இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஒன்றரை நிமிடத்தில் செய்துவிடுவேன். பையைத் திறந்தேன். ஈயக் குண்டும் கம்பியும் கையில் வந்தன. மாட்டினால் அவருக்கு நல்லது. மாட்டாவிட்டால் எனக்கு நல்லது. முத்திரையை உடைத்தவர் அவர், என் சான்றிதழ் சுத்தமாக இருக்கும். இரண்டிலும் ஏழுமலைக்கு ஒன்றும் இல்லை. ஈயக் குண்டைத் திரும்பப் பையில் போடும்போதுதான் அது புரிந்தது.

"முடியாது அண்ணாமலை."

"ரயிலுக்குன்னு நீங்கதான சார்..."

"ஆமா. நான்தான் கேட்டேன். அதையும் சொல்லுதேன்."

அவர் வேனை விட்டு நகர்ந்தார். சாலையில் சிதறிக் கிடந்த புல்லைக் காலால் ஓரமாகத் தள்ளத் தொடங்கினார்.

காவல் நிலையத்தில் வாக்குமூலம் எழுதியவர் பொறுமைசாலி. "இன்னா ஸ்பீடு சார்?" என்றார்.

"தொண்ணூத்தஞ்சு. முள்ளைப் பார்த்தேன்."

"தொண்ணூத்தஞ்சுலாம் இப்ப ஒரு ஸ்பீடா? எல்லாரும் போறதுதான்" என்று எழுதிக்கொண்டே சொன்னார். பிறகு தலை நிமிர்ந்தார். "நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல. ஒயர் கழண்டிருக்குன்னும் தெரியும். ரயிலைப் பிடிக்கணும்னு பேசாம இருந்தேன்."

பேனா நின்றது. "இத எழுதணுமா? கேசுக்கு இது தேவையே இல்ல சார்."

"எழுதுங்க."

எழுதினார். கையெழுத்துப் போட்டேன். பதினோரு வருடமாக எத்தனையோ காகிதங்களில் போட்ட அதே கையெழுத்து.

சாயங்காலம் முதலாளிக்குப் போன் செய்து சொன்னேன். "அவன் கழட்டுனான்னு மட்டும் சொன்னாப் போதாதா? நீரு எதுக்கு உம்மையும் சேத்துக்கிட்டீரு?" என்றார். ஊருக்கு வாரும், பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை மருத்துவமனைக்குப் போனேன். ஏழுமலையின் உயிருக்கு ஆபத்தில்லை. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இதை வாசலில் அண்ணாமலைதான் சொன்னார். ஜாமீனில் வந்து, வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கே வந்திருந்தார். உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேன் காவல் நிலையத்தில் நின்றது. செல்வி முதல் பேருந்தில் மலை இறங்கி வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் ஒன்னும் பொய் சொல்லல அண்ணாமலை. என்னையும் சேத்துத்தான் சொன்னேன்" என்றேன்.

"சொன்னீங்க சார். இல்லேங்கல" என்றார். "உங்க பேரு காயிதத்துல ஏறிச்சி. என் லைசென்சு போச்சி. ரெண்டும் ஒண்ணா?"

ஒன்றல்ல என்பது எனக்கும் தெரியும். அவர் செல்வியைக் கூட்டிக்கொண்டு படியோரம் போய் உட்கார்ந்தார்.

உள்ளே, வார்டுக்கு வெளியே இருந்த பெஞ்சில் ஏழுமலையின் மனைவி பூங்காவனம் இருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை, அதில் வேட்டி, தட்டு, தண்ணீர் பாட்டில். நான் யார் என்று சொன்னேன். எழுந்து கத்துவார் என்று நினைத்தேன். நகர்ந்து, உட்கார இடம் விட்டார்.

"மயக்கம் தெளிஞ்சி பேசினாரு" என்றார். "ஒண்ணையே சொல்லிக்கினு கெடக்கிறாரு. பாத்துட்டுதான் ஏறினேன், வண்டி தூரத்துல இருந்துச்சி, எப்படி தப்பா பாத்தேன்னு தெரியலன்னு. தப்பு தன்னுதுன்னு நெனைக்கிறாருங்க. கண்ணுல ஏதோ கோளாறு வந்துட்ச்சின்னு சொல்றாரு."

நான் அந்த மண்பாதையின் முனையை நினைத்துப் பார்த்தேன். அவர் நின்றது, திரும்பியது, பார்த்தது. அறுபதில் வருகிற வண்டியாக இருந்திருந்தால் அவர் சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் இறங்கி, வீட்டுக்கே போயிருப்பார்.

"அவரு பார்த்தது சரிதாம்மா. கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. அவரு நினைச்சதைவிட நாங்க ரொம்ப வேகமா வந்தோம். இத அவர்கிட்ட சொல்லுங்க. இல்லைன்னா நானே சொல்லுதேன்."

அவர் என்னை நேராகப் பார்த்தார். "எதுக்குங்க அவ்ளோ வேகம்? யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?"

"இல்லம்மா. எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

"எந்த ஊருக்கு?"

"கோவில்பட்டிக்கு. வீட்டுக்கு."

கொஞ்ச நேரம் அவர் கூடையின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அந்த ரயிலு நேத்து மட்டும்தானா?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இல்லம்மா. தினமும் உண்டு."

"இன்னிக்கும் வருமா?"

"வரும்."

அவர் தலையாட்டினார். உள்ளேயிருந்து செவிலியர் ஏழுமலையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பூங்காவனம் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நானும் எழுந்தேன்.

"வாங்க" என்றார். "நீங்களே வந்து சொல்லுங்க."